கஞ்சி போட்ட நூல்

கைருன்னிஸாவின் வீட்டு முன் ஹோலில் வேதக்கோயில் பெட்டி வந்து இறங்கியபோது சூறாவளி அடித்து மூன்று மாதம் கழிந்திருந்தது. மருதமுனையில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். தேங்காய்ப்பால் விடாத ஆணத்தைத் தின்று தின்று ஊருக்கே நாக்குச் செத்துப்போயிருந்தது. கரண்ட் திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அந்த நேரத்தில் டிராக்டரில் ஏற்றி, படங்கு மூடி, கயிறு வரிந்து, ஆறு ஆம்பிளைகள் மூச்சுப் பிடித்து இறக்கிய சாமான் என்னவென்று பார்க்க அயல் முழுக்க வேலியோரம் வந்து நின்றது.

"என்ன மச்சி இது? மையத்துத் தூக்குற சந்தூக்கு மாதிரிக் கெடக்கு?" என்றாள் பக்கத்து வளவு ஹப்ஸா.

"பாட்டுப் பெட்டியாம். கல்முனை வேதக்கோயில்ல இருந்து வருகிது."

"அல்லாஹ்வே! அதக் கொண்டுவந்து உண்ட ஊட்ட என்னத்துக்கு இறக்குறாங்க?"

"அவருக்கிட்டக் கேளு. ஊடு எண்ட ஊடுதான். ஆனா என்னக் கேட்டா எல்லாம் நடக்குது?"

அவள் சொன்னதில் பாதி உண்மை, பாதி கோபம். இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து ஏறுவார். வீடும் வளவும் பெண் பேரில் இருக்கும். அவளுடைய மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தால் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு குடிலுக்கு ஒதுங்குவார்கள். யாரும் இதைத் தியாகம் என்று சொல்வதில்லை. கைருன்னிஸாவின் உம்மா அப்படித்தான் ஒதுங்கினாள். இப்போது அவள் முறை. மூத்தவள் றஹீமாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. ஜவுபர் என்று பெயர், நல்ல பிள்ளை, இறக்காமத்தில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். நோன்புக்கு முந்திக் கலியாணம். கலியாண எழுத்தான காவின் எழுதப் போவது இதே ஹோலில். அந்த ஹோலின் நட்ட நடுவில்தான் பெட்டி இறங்கியிருக்கிறது.

அவளுடைய கணவர் முத்தலிப் கல்முனைப் பசாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து காரைதீவுக் கோயில் திருவிழா ஒலிபெருக்கி வரைக்கும் அவர் கைபடாத சாமான் அந்தப் பக்கத்தில் இல்லை. சூறாவளி அவர் கடையின் தகரக் கூரையை எங்கே கொண்டுபோய்ப் போட்டதென்று இதுவரைக்கும் தெரியாது. கடை மொட்டையாக நிற்க, வேலையெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. ரேடியோ வந்தால் மேசையில் வைக்கலாம். இது வீட்டையே கேட்டது.

பெட்டியோடு வந்தவர் நல்லரெத்தினம் மாஸ்டர். இளைப்பாறிய வாத்தியார், கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஓகன் பெட்டியை வாசிப்பவர். எப்போதோ இருந்த ஒரு அமெரிக்கப் பாதிரியார் கப்பலில் வரவழைத்து விட்டுப் போனதாம். கோயில் கூரை விழுந்து இரவு முழுக்க மழையில் நனைந்து, பிறகு உப்புக் காற்றில் ஊறிக் கிடந்திருக்கிறது.

"கொழும்புக்கு எழுதிக் கேட்டம் முத்தலிபு. தூக்கி எறிஞ்சி போட்டுப் புதுசு வாங்குங்க எண்டுட்டாங்க. நீ ஒருக்காப் பாரு தம்பி. மார்கழி நத்தாருக்கு எழும்பினாக் காணும்."

"நத்தார் என்ன மாஸ்டர், நோன்புக்கு முந்தியே தாறன்."

கதவடியில் நின்ற கைருன்னிஸா அதைக் கேட்டுக்கொண்டாள். டிராக்டர் போனதும் கேட்டாள்.

"கலியாணத்துக்கு முந்திப் போயிருமா இது?"

"ஒரு மாசம் முந்தியே போயிரும். நீ வெள்ளையடிக்கிறதுக்கு ஆளப் பாரு."

முத்தலிப்பின் குணம் அவளுக்குத் தெரியும். சாமானைத் திருத்தினோம், கொடுத்தோம் என்று இருக்கிற மனிதன் அல்ல. அது இருந்ததை விட நன்றாக இருக்கவேண்டும் அவருக்கு. ஹப்ஸாவின் ரேடியோவை ஒருமுறை திருத்தக் கொடுத்ததற்கு அதற்கு இரண்டாவது ஒலிபெருக்கி வைத்து, அதை வைக்க ஒரு பெட்டி செய்து, கடைசியில் ரேடியோ அலுமாரி அளவுக்கு வளர்ந்து வீட்டுக்குப் போனது. ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஓகனின் பின்பலகையைக் கழற்றியதும் முதலில் வந்தது ஒரு பூரான். பிறகு ஒரு தகரப்பேணி தண்ணீர். உள்ளே நீளமான இரும்புக் கூடு. அதற்குள் தொண்ணூற்றொரு பல்லுச் சக்கரம், அச்சுகளில் வரிசையாக. ஒரு மோட்டர் சுற்ற அத்தனையும் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் ஒரு காந்தக் குச்சி நிற்கும். சக்கரத்தின் பல் அதைக் கடந்து போகிற வேகம்தான் சத்தமாக மாறும். பல் குறைந்தது அடித்தொண்டையில் கதைக்கும், பல் கூடியது கீச்சிடும். முத்தலிப் மகளையும் மனைவியையும் கூப்பிட்டு வைத்து இதை மூன்று தரம் விளங்கப்படுத்தினார். கைருன்னிஸாவுக்கு முதல் தரமே விளங்கிவிட்டது. அவள் பன்னிரண்டு வயதில் தறியில் இருந்தவள். சுற்றுவதும் பின்னுவதும் அவளுக்குப் புதிதில்லை.

வேலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் அந்தப் பெட்டி மேல் ஒரு பாசம் வந்ததை மறைத்து என்ன? விடிய ஸுபஹ் தொழுதுவிட்டு அவர் மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையுமாக இருப்பார். ஒவ்வொரு சக்கரமாகத் துரு எடுப்பார். அவள் பின்குடிலில் தறி மிதிப்பாள். பத்து மணிக்கு பிளேன்டீயும் ஒரு துண்டுச் சீனியும் கொண்டுவந்து வைத்தால், அது ஆறி ஈ விழும் வரைக்கும் தொடமாட்டார். மத்தியானம் புளியாணமும் பொரித்த சூடை மீனும். மண்ணெண்ணெய் நாற்றம் சோற்றிலும் ஏறியது. றஹீமா மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

"வாப்பா, மாப்புள ஊட்டார் வாறப்பவும் இந்த நாத்தம்தான் இருக்குமா?"

"அதுக்குள்ள அத்தர் மணக்கும் மகள். பாரு நீ."

பங்குனி கடைசியில் அவர் நூலுக்கு வந்தார். அந்தச் சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் போகிற விதம் வேறு மாதிரி. மேலே ஒரு தட்டில் எண்ணெய் விடவேண்டும். தட்டில் இருந்து ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பருத்தி நூல் இறங்கும். எண்ணெய் அந்த நூல் வழியாக மெல்ல மெல்ல ஊறிப்போய் அச்சை நனைக்கும். வருடத்துக்கு இரண்டு தரம் தட்டை நிறைத்தால் போதும். இருநூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். அத்தனையும் உப்பிலும் பழைய எண்ணெயிலும் கறுத்து, தொட்டால் அறுந்து விழுந்தன.

"குப்பி விளக்குத் திரி மாதிரியா?" என்று கேட்டாள் கைருன்னிஸா.

"அதேதான். நூல் ஒண்டு தா புள்ள. நல்ல பருத்தி நூலா."

அவள் முதலில் தறியில் குறுக்கே ஓடுகிற நூலைக் கொடுத்தாள். அது ஊசித்துளை அளவு ஓட்டைக்குள் போகும்போது முனை பிரிந்து பஞ்சாகியது. முத்தலிப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பல்லைக் கடித்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் பின்குடிலுக்குப் போய்ப் பாவு நூலில் ஒரு கழி கொண்டு வந்தாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். அடி தாங்கவேண்டும் என்பதற்காக அதைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்வார்கள். அது கம்பி மாதிரி நேராக நின்றது. ஓட்டைக்குள் விட்டால் சறுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் தலையை நீட்டியது.

"இது நூல்!" என்றார் முத்தலிப். "இத முதல்லயே தந்திருக்கலாமே."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. எட்டு நாள் றஹீமாவும் அவளும் அவரோடு இருந்து நூல் கோர்த்தார்கள். முத்தலிப்பின் தடித்த விரல் பத்து நூல் கோர்க்கும் நேரத்தில் றஹீமா முப்பது கோர்த்தாள். வீட்டில் அவ்வளவு சிரிப்பும் கதையும் அதற்கு முன் இருந்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முத்தலிப்புக்கு இன்னொரு குறை தெரிந்துவிட்டது. ஓகனின் மோட்டர் அமெரிக்காக் கரண்டுக்குச் செய்தது. அங்கே கரண்ட் ஒரு விநாடிக்கு அறுபது தரம் துடிக்குமாம், இங்கே ஐம்பது. அந்த மோட்டர் துடிப்பை எண்ணிச் சுற்றுகிற மோட்டர். அதனால் இங்கே வந்த நாளிலிருந்து சோர்ந்துதான் சுற்றியிருக்கிறது. சத்தமெல்லாம் மூன்று கட்டை இறங்கித்தான் பேசியிருக்கிறது.

"எங்களுக்கு அது பழகிப் போச்சு தம்பி," என்றார் நல்லரெத்தினம் மாஸ்டர். வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். "நான் மூண்டு கட்ட தள்ளித்தான் வாசிப்பன். கை தானாப் போகும்."

"பழகினாப்போல சரியாகிருமா மாஸ்டர்? இவ்வளவு காலமும் இந்தப் பெட்டி தண்ட சொந்தக் குரல்ல ஒரு சொல் கதைக்கல்ல. நான் கதைக்க வெக்கிறன்."

சாய்ந்தமருதில் உடைந்து கிடந்த ஒரு அரவை யந்திரத்தின் சின்ன மோட்டரைக் கொண்டுவந்தார். அச்சுக்கும் மோட்டருக்கும் நடுவில் போட ஒரு பித்தளைக் கப்பி கடைந்தார்கள். மாஸ்டரிடம் இரும்புக் கவை ஒன்று இருந்தது. தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் கிணுங்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு முத்தலிப் கப்பியை மயிரளவு மயிரளவாக அராவினார். நாலாவது கப்பி சரி வந்தது. ஒரு மாதம் போயே போய்விட்டது. கைருன்னிஸா வெள்ளையடிக்கிற ஆளை இரண்டு தரம் திருப்பி அனுப்பினாள்.

வைகாசி முடிகிற ஒரு சனிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, வேதக்கோயில் ஆட்கள் ஐந்தாறு பேர் கேட்க வந்தார்கள். கதிரைகள் ஹப்ஸா வீட்டிலிருந்து வந்தன. முத்தலிப் சுவிட்சைப் போட, உள்ளே சக்கரங்கள் மெல்லிய இரைச்சலோடு எழுந்தன. மாஸ்டர் விரலை வைத்தார். அந்த ஹோலில் இருந்த எல்லாருடைய நெஞ்சுக்குள்ளும் ஒரு சத்தம் போய் இறங்கியது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற கைருன்னிஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இது அவர் செய்தது. அந்தச் சத்தத்துக்குள் தன் நூலும் ஓடுகிறது என்று நினைத்தாள்.

மாஸ்டரின் விரல் பழக்கத்தில் மூன்று கட்டை தள்ளிப் போய்ப் பாட்டு விண்ணென்று மேலே ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலையில் தட்டிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் வாசித்தார். முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

அப்போதுதான் உள்ளே ஒரு கீச்சு. எலி என்று நினைத்தாள். கீச்சு ஓலமாகியது. இரும்பு இரும்பைத் தின்கிற ஓலம். கருகல் மணம் வந்தது. முத்தலிப் பாய்ந்து சுவிட்சை அணைக்க முந்தி உள்ளே ஏதோ இறுகி, கப்பி வார் அறுந்து பலகையில் அடித்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

வந்தவர்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "இருந்த மாதிரியே விட்டிருக்கலாம். வேகத்தக் கூட்டினா அந்தப் பழைய இரும்பு தாங்குமா?"

யாரும் முத்தலிப்பைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர்கள் போனபிறகும் அவர் திறந்த பெட்டிக்கு முன்னால் இருந்தபடியே இருந்தார்.

"நாந்தான் இதச் சாகடிச்சது," என்றார். "தெரியாத வேலையில கை வெச்சன். அது சோம்பியாவது உயிரோட இருந்திச்சு."

"மறுகா பாப்பம். முதல்ல சோறு தின்னுங்க."

"எண்ட கைக்கு இது மிஞ்சின வேலை கைருன்னிஸா."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

மறுநாள் விடியவே அவர் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். அவள் ஹோலைக் கூட்டினாள். தரையில் எண்ணெய் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்குச் சிந்தியிருந்தது. பெட்டிக்கடியில் நூல் கோர்த்தபோது வெட்டிய துண்டுகள் இன்னும் ஒரு பிடி கிடந்தன. கந்தல் எடுக்கப் போவானேன் என்று அந்த நூலைச் சுருட்டி எண்ணெய் மேல் வைத்து ஒற்றினாள். எண்ணெய் ஏறவில்லை. எண்ணெய் ஒதுங்கியது. நூலைத் தூக்கிப் பார்த்தாள். நுனியில் ஒரு சொட்டு மணியாகத் திரண்டு நின்றது, ஊறவேயில்லை.

அவள் கூட்டுமாறை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் இருந்துவிட்டாள்.

கஞ்சி. பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி போடாத பாவு தறியில் ஒரு நாள் தாங்காது. விடிய வெள்ளன மணல் ஒழுங்கையில் பாவை நீட்டிக் கட்டித் தூரிகையால் கஞ்சி இழுக்காத நாள் அவள் வாழ்க்கையில் குறைவு. அது நூலைச் சுற்றி ஒரு தோல் மாதிரிக் காய்ந்து நிற்கும். அதனால்தான் அந்த நூல் பிரியாமல் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அதனால்தான் எண்ணெய் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. அச்சுகள் ஆரம்பத்தில் கையால் விட்ட எண்ணெயில் சுற்றியிருக்கின்றன; அது தீர்ந்ததும் காய்ந்து இறுகிவிட்டன. பிழை வேகத்திலும் இல்லை, கப்பியிலும் இல்லை. திரி மாதிரியா என்று கேட்டதே அவள்தான். கஞ்சி போட்ட துணியில் யாராவது விளக்குக்குத் திரி திரிப்பார்களா? அவருக்கு எப்படித் தெரியும்? கஞ்சி போடுகிற நேரத்தில் அவர் முந்தியெல்லாம் கல்முனைக்குப் போகிற வழியில் இருப்பார், இந்த மாதங்களில் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

அவர் வரட்டும், சொல்லிவிடலாம் என்று எழும்பினாள். அவருக்கு முந்தி மீராமுகைதீன் மரைக்கார் வந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்களில் ஒருவர். பொல்லாத மனிதர் அல்ல. சூறாவளிக்குப் பிறகு இந்த ஒழுங்கைக்கு முதல் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். வெற்றிலை வட்டாவைத் தொடாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"நேத்து இஞ்ச வேதக்கோயில் பாட்டுப் படிச்ச எண்டு கதை ஊரெல்லாம் போகிது மகள்."

"திருத்தினதப் பாக்க வந்தவங்க மாமா. வேற ஒண்டுமில்ல."

"எனக்கு விளங்கும். தொழில் தொழில்தான். பள்ளிட ஒலிபெருக்கியத் திருத்தினதும் அந்தக் கைதான். ஆனா காவின் எழுதப் போற இடத்தில இது நிண்டா எண்ட ராத்தா, மாப்புளட உம்மா, ஒத்துக்கொள்ள மாட்டா. ஏலா எண்டுட்டா. நான் எவ்வளவோ கதைச்சிப் பாத்துட்டன்."

"எப்ப வரைக்கும் மாமா?"

"வாற வெள்ளிக்கி ஊடு பாக்க வாறம். அதுக்குள்ள எடுத்துருங்க. இல்லாட்டி நான் நடுவுல நிண்டு வேல இல்ல."

திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவின் திரைச்சீலைக்குக் கீழே றஹீமாவின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன.

மரைக்கார் போனபிறகு முத்தலிப் வந்தார். அவள் சொன்னாள், மரைக்கார் சொன்னதை மட்டும்.

"நாளைக்கே ஏத்தி அனுப்பிருவம்," என்றார் அவர். சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போய் முகம் கழுவினார்.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் அந்த நாள் முழுக்க நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவர் பெட்டியை அனுப்பமாட்டார். இருநூறு நூலையும் உருவி, புதிய நூல் கோர்த்து, எண்ணெய் ஊற விட்டு... ஒரு மாதம். யார் வந்து சொன்னாலும் கேட்கமாட்டார். திருத்தமுடியும் என்று தெரிந்த சாமானை அவர் கையிலிருந்து யாராலும் பிடுங்கமுடியாது. வெள்ளிக்கிழமை வந்து போய்விடும். றஹீமாவுக்கு இருபத்தொரு வயது. பேசிக் குழம்பின கலியாணம் என்று ஒரு பேர் வந்தால் அது எத்தனை வருடம் வளவைச் சுற்றும் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை டிராக்டர் வந்தது. நல்லரெத்தினம் மாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். "கவலப்படாத முத்தலிபு. செத்ததத்தானே கொண்டுவந்து தந்தம். கோயில் பள்ளிக்கூட அறையில வெப்பம், கூரை போட்ட பிறகு பாப்பம்."

பெட்டி வாசலைத் தாண்டும்போது கைருன்னிஸாவின் வாய் திறந்தது. "மெள்ளப் பிடிங்க, சுவர் கீறும்," என்றாள். அதுதான் வந்தது.

கலியாணம் நன்றாக நடந்தது. ஹோலில் வெள்ளைச் சுண்ணாம்பும் அத்தரும் மணத்தன. தூரத்தில் இருந்து தேங்காய் வாங்கிவந்து பாலாணம் ஆக்கினார்கள். காவினில் முத்தலிப் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் கைருன்னிஸா சாவிக் கொத்தை மகளின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டியும் பாயுமாகப் பின்னால் தறிக்குடிலுக்குப் போனாள். ஜவுபர் மரியாதையான பிள்ளை. மாமி, மாமா என்று உயிரை விட்டான். றஹீமா சிரித்த முகமாக இருந்தாள். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

முத்தலிப் மட்டும் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. கூரை போட உதவிப்பணம் வந்தது, போடவில்லை. ரேடியோ கொண்டு வந்தவர்களை வேறு ஆளிடம் போகச் சொன்னார். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தபோது மரைக்காரே வந்து கூப்பிட்டார். "எண்ட கையில விட்டா உள்ளதும் போயிரும் மரைக்கார்," என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் குடிலுக்குள் போனாள்.

கலியாணம் முடியட்டும், சொல்வோம் என்று இருந்தாள். முடிந்தது. நோன்பு முடியட்டும் என்று இருந்தாள். அதுவும் முடிந்தது. நூலில் கஞ்சி என்று சொல்வது இலேசு. அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சேர்த்துச் சொல்லவேண்டுமே, அதற்குத்தான் வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாவது பாதி பாரம் கூடிக்கொண்டு போனது.

சொல்ல முடியாததைச் செய்தாள். அவர் தொழப் பள்ளிக்குப் போகிற நேரம் பார்த்துக் கஞ்சி படாத பருத்தி நூலைச் சவுக்காரமும் சோடாவும் போட்டு அவித்தாள். இரண்டு தண்ணீரில் அலசி, தறிக்குப் பின்னால் காயவிட்டாள். ஒவ்வொரு நூலின் முனையையும் மட்டும் மெழுகில் தொட்டு உருட்டினாள். ஓட்டைக்குள் போனபிறகு அந்த முனையை வெட்டிவிடலாம். அன்றைக்குக் கோர்த்த நூல்களின் நீளத்தை ஞாபகம் வைத்து அளந்து வெட்டினாள். ஒரு விசுக்கோத்துத் தகரத்துக்குள் பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கினாள். தகரம் பாயடியில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், பாவுக்குக் கஞ்சி இழுக்க வருகிறவளுக்குக் காய்ச்சல். "நான் வாறன்," என்றார் முத்தலிப். சும்மா இருக்கிற மனிதன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விடியக் கருக்கலில் ஒழுங்கையில் பாவை நீட்டிக் கட்டினார்கள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், தூரிகையால் கஞ்சியை இழுத்து இழுத்து விட்டார்கள். கடல் காற்று அடித்தது. வெயில் ஏற நூல் காய்ந்து விறைத்தது.

"இவ்வளவு விறைப்பா வருமா இது?" என்றார்.

"ஓம். அப்பதான் தறி தாங்கும்."

அவர் குடிலுக்குள் போய் நூல் சுற்றுகிற ராட்டுக்கு எண்ணெய் விட்டார். அது கீச்சிட்டுக்கொண்டிருந்தது, அவர் காதால் பொறுக்க முடியாத ஒரே விஷயம் அதுதான். எண்ணெய்க் குப்பி கையிலிருக்க, காய்ந்த பாவு நூலில் ஒரு கழி பக்கத்தில் கிடந்தது. ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது.

கைருன்னிஸா வாசலில் நின்றாள். அவர் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். சொட்டு உருண்டு நின்றது. அவர் நூலைச் சரித்தார். சொட்டு ஓடி, தரையில் விழுந்தது. நூல் காய்ந்தபடி இருந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் விழுந்தது.

"இந்த நூலத்தானே தந்த?"

"ஓம்."

"இதில எண்ணெய் ஊறாது."

"ஊறாது."

அவர் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

அவள் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஓம். மறுநாள் விடியவே தெரியும். மரைக்கார் வாறதுக்கு முந்தி."

"நாலு மாசம்," என்றார் முத்தலிப். சத்தம் போடவில்லை. "நாலு மாசம் நான் எண்ட கையப் பாத்துப் பாத்து... பள்ளிட ஒலிபெருக்கியத் தொடப் பயந்து... நீ பாத்துக்கொண்டு இருந்தியா?"

"புள்ளட கலியாணம் நிண்டிரும் எண்டு பயந்தன். சொன்னா நீங்க பெட்டிய விடமாட்டீங்க."

"விடமாட்டன்தான்."

"அதுதான் சொல்லல்ல."

"எண்ட கைய வாங்கித்தானா மகளக் குடுத்த?"

அவள் குனிந்து பாயைத் தூக்கி, தகரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். அவர் ஒரு நூலை எடுத்து நீட்டிப் பிடித்து எண்ணெய் விட்டார். சொட்டு நிற்கவில்லை. பட்ட இடத்தில் மறைந்து, மஞ்சளாக ஒரு கோடு கீழ்நோக்கி இறங்கியது. அது ஒரு விரல் நீளம் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகு முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு தகரத்தை மூடி, சைக்கிள் கரியலில் வைத்துக் கட்டி, ஆயுதப் பெட்டியைக் கைப்பிடியில் கொளுவிக்கொண்டு ஒழுங்கையால் போய்விட்டார்.

அன்று முழுக்க அவள் தறிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். றஹீமா பின்கதவால் எட்டிப்பார்த்து, "வாப்பா எங்க உம்மா, இவ்வளவு நேரத்துக்கு?" என்றாள். "வேலைக்கு," என்றாள். அந்தச் சொல்லை அவள் பல மாதமாகச் சொல்லவில்லை. றஹீமா ஏதோ கேட்க வந்து, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பொழுது பட்டு, மக்ரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்தபிறகு சைக்கிள் வந்தது. முழங்கை வரைக்கும் கறுத்த எண்ணெய். சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் நகத்தடியில் நின்றது. தொழுதுவிட்டு வந்து இருந்தார். சோறும் புளியாணமும் வைத்தாள். தின்றார். அவள் எதிரில் இருந்து அவர் விரல்களைப் பார்த்தாள்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"அச்சு ஒண்டும் உடையல்ல. இறுகித்தான் கெடக்கு. மண்ணெண்ணெய் விட்டு வெச்சிருக்கன். கப்பி எண்ட கப்பிதான், அது அப்படியே இருக்கட்டும் எண்டு மாஸ்டர் சொல்றாரு."

"நூல்?"

"நாப்பத்திரெண்டு காணாது. அதோட பின்னுக்கு இரிக்கிற அச்சுகளுக்கு எட்டல்ல. நாலு விரல் கூட வெச்சி வெட்டு."

"விடிய வெட்டித் தாறன்."

"தா," என்றார். நகத்தடிக் கறுப்பைச் சுரண்டினார். "ஆனா ஒவ்வொண்டுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாத்துத்தான் எடுப்பன்."

அது அவளுக்கு எங்கே போய்க் குத்தவேண்டுமோ அங்கே போய்க் குத்தியது. அந்தச் சொட்டு இனி எவ்வளவு காலத்துக்கு என்று அவளுக்குத் தெரியாது.

"பாருங்க," என்றாள் கைருன்னிஸா. எழும்பி, நூல் அவிக்கப் பானையில் தண்ணீர் வார்த்து அடுப்பில் ஏற்றினாள்.